இரும்புக்கையை வரைந்த கை
(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காட்டுமன்னார்கோயிலில், அண்ணன் படித்துக் கிழித்த பிறகு என் கைக்கு வந்த முத்து காமிக்ஸ்தான் எனக்கு முதல் விஞ்ஞானப் பாடம். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்தவனுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். அந்தக் கை மட்டும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத மனிதனை எப்படித்தான் வரைவது? எதிரே நிற்பவன் முழியிலும், கறுப்பு மையின் நிழலிலும், அந்தரத்தில் நிற்கும் ஐந்து விரலிலும் காட்டிவிட்டார் அந்த ஓவியர். வீராணம் ஏரிக்கரையில் உட்கார்ந்து எத்தனை தடவை அதைக் காப்பியடித்திருப்பேன்! விரல் வந்தது, பயம் வரவில்லை.

வரைந்தவர் பெயர் அப்போது என் கண்ணில் பட்டதே இல்லை. ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது: ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாக்காரர், 1919-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் 'வேலியன்ட்' பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய தொடர் அது. 1995-லேயே அவர் காலமாகிவிட்டார். ஒரு கார்டு போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதனால் இன்னொரு கடனை இன்றே தீர்த்துவிடுகிறேன். என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் மார்க் வாங்கிய தவளைப் படங்கள் நான் போட்டவை அல்ல. ராத்திரி கண்விழித்து வரைந்து கொடுத்த ரூம்மேட் அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நோட்டில் இருந்தது என் பெயர்.

எழுந்திருப்பா, எல்லோரும் உன்னைப் பார்க்கட்டும்!