பறந்த மணிகளில் என்ன இருந்தது?



விமானம் ஓட்டக் கற்றுத் தருபவர்கள், மனித நடத்தையை ஆராய்பவர்கள், உரிமத் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் என மூன்று தரப்பாரும் இந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். பயணிகள் விமானத்தின் வலப்பக்க இருக்கையில் முதன்முறையாக அமரும் துணை விமானி அதற்கு ஆயத்தமாகிவிட்டார் என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். பிறகு குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியை முடித்து, ஏர்பஸ் 320 போன்ற விமானத்தில் துணை விமானியாகலாம். அமெரிக்காவில் அதே இருக்கைக்குப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது.

2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் 3407, கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். இறங்கும் நேரத்தில் வேகம் குறைந்துகொண்டே வந்ததை விமானிகள் இருவரும் கவனிக்கவில்லை. இறக்கை தூக்கும் ஆற்றலை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தது. உடனே மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டும். கேப்டனோ கட்டுப்பாட்டுத் தண்டைத் தம்மை நோக்கி இழுத்தார். விமானம் உண்மையிலேயே ஸ்டால் ஆனது; அதாவது இறக்கை தூக்கும் ஆற்றலை இழந்தது. அதன் பிறகு மூக்கைத் தாழ்த்த இயந்திரம் தானாகத் தண்டைத் தள்ளியபோதும் அவர் எதிர்த்து இழுத்தார்.

இறந்தவர்களின் குடும்பத்தினர் ஓயாமல் போராடினார்கள். 2010-இல் சட்டம் வந்தது. 2013-இல் 1,500 மணி விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அன்றிரவு விமானம் ஓட்டிய கேப்டன் 3,379 மணி நேரமும் துணை விமானி 2,244 மணி நேரமும் பறந்திருந்தார்கள். அன்றிரவு அந்த விதி இருந்திருந்தாலும் மணிக் கணக்கு இருவரையும் தடுத்திருக்காது.

விமானி அறையின் ஒலிப்பதிவில் ஓர் உரையாடல் உண்டு. பயிற்சி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். பணியில் சேருமுன் தாம் பறந்த சுமார் 1,600 மணி நேரமும் ஃபீனிக்ஸில்தான் என்கிறார் துணை விமானி. பாலைவன நகரம், தெளிந்த வானம். அந்த 1,600 மணியில் கிடைத்ததைவிட அதிகமான மேகப் பறப்பு விமான நிறுவனத்தில் முதல் நாளிலேயே தமக்குக் கிடைத்தது என்றும் சொல்கிறார். மேகத்தில் விமானத்தின்மேல் பனி உறைவது இந்த விபத்துக்குக் காரணமல்ல என்பதை விசாரணை தெளிவாக்கியது. விபத்தின் விளக்கத்தை நான் இங்கே தேடவில்லை. தம் ஏட்டில் பதிவான மணிகளில் எது இருந்தது, எது இல்லை என்பதை அந்த இளம் பெண் அறிந்திருந்தார். அதைக் கேட்டுப் பதிவு செய்ய நம் முறையில் ஓர் இடமும் இல்லை. என்னை வருத்துவது இதுதான்.

1,500 மணி விதியை ஆதரிப்பவர்களுக்கும் வலுவான வாதம் உண்டு. அந்த விபத்துக்குப் பின், 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் நடந்த மோதல் வரை, பெரிய விமானங்களை இயக்கும் அமெரிக்கப் பயணிகள் நிறுவனம் எதிலும் பலர் ஒருசேர இறந்த விபத்து நேரவில்லை. ஆனால் மணிக் கணக்கோடு சேர்த்து இன்னும் பல மாறின: ஓய்வு நேர விதிகள், விமானிகளின் பழைய தேர்வுத் தோல்விகளை நிறுவனங்கள் அறிவதற்கான ஏற்பாடு, முழு ஸ்டால் பயிற்சி. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. அந்த விதியே ராணுவ விமானிக்கு 750 மணி, விமானவியல் பட்டதாரிக்கு 1,000 மணி என்று தளர்வு தருகிறது. எல்லா மணிகளும் ஒரே எடை அல்ல என்பதை விதி தானே ஒப்புக்கொள்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு பிராந்திய விமான நிறுவனங்களில் சேர்ந்த 2,156 புதிய விமானிகளின் பயிற்சிப் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விமானவியல் பட்டம் பெற்றவர்களும், ஆசிரியராகப் பறந்தவர்களும், 500 முதல் 1,000 மணி அனுபவம் உள்ளவர்களும் பயிற்சியில் சிறந்து நின்றார்கள். அது பயிற்சியில் கண்ட தேர்ச்சி, நெருக்கடியில் கண்டதல்ல. இந்த வேறுபாட்டை மறந்து அந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் அதிகம்.

பயிற்சியின் உள்ளடக்கத்தையும் பாருங்கள். கோல்கன் விபத்து நடந்த காலத்துச் சிமுலேட்டர் தேர்வில் ஸ்டால் எச்சரிக்கை எப்போது வரும் என்று விமானிக்கு முன்கூட்டியே தெரியும். உயரம் இழக்காமல் மீள்வதே நல்ல தேர்ச்சி எனக் கருதப்பட்டது. உயரத்தைக் காக்கப் பழகிய கை, திடுக்கிடும் கணத்தில் மூக்கைத் தாழ்த்த முன்வருமா? 2009 ஜூன் 1-இல் 228 பேருடன் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இலும், ஏறத்தாழ 2,900 மணி அனுபவமுள்ள துணை விமானி, ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தண்டைப் பின்னுக்கு இழுத்திருந்தார்.

200 மணியோடு வரும் நம் இளைஞர்களைக் குறைவாக எண்ண எனக்கு மனமில்லை. பயிற்சிக்காகக் குடும்பத்தையே கடனில் தள்ளி வருகிறவர்கள் பலர். அவர்களை இன்னும் 1,300 மணி நேரம் தெளிந்த வானில் வட்டமடிக்கச் சொல்வது செலவைக் கூட்டும். ஆயத்தத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியில்லை. அதே வேளையில், 200 போதும் என்று வாளாவிருப்பதும் தவறு. புதிய துணை விமானி முதல் ஆண்டில் யாரோடு பறக்கிறார், மழைக்கால இரவில் எத்தனை முறை இறங்கினார், தானியங்கியை அணைத்துக் கையால் ஓட்ட அவருக்கு இடம் தரப்படுகிறதா, கேப்டன் தவறும்போது வாய்திறந்து சொல்லப் பழகியிருக்கிறாரா? இவை நம் பதிவேடுகளில் வர வேண்டும்.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மணிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் அந்த மணிகள் எங்கே, எந்த வானிலையில், யாருடைய மேற்பார்வையில் கழிந்தன என்பதையும் சொல்லுங்கள். தரவு கிடைக்காத இடத்தில் அதைத் திரட்டும் வழியை முன்வையுங்கள். பயிற்சிப் பதிவேட்டின் மாதிரி வடிவம் ஒன்றை வரைந்து, நிறைவு அமர்வில் விவாதத்துக்கு வைப்போம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வருக.