கைபட்டால் அசையும் சிற்பம்

சிற்பம் என்றதும் நம்மிற் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது எட்டிநின்று நோக்கவேண்டிய ஒரு பொருளேயாகும். கோயிலிலாயின் அது விமானத்தில் நம் தலைக்குமேல் நிற்கும். நூதனசாலையிலாயின் "தொடாதீர்" என்ற பலகைக்குப் பின்னால் நிற்கும். இவ்விரண்டிலும் வேறான சிற்பவகை ஒன்று உண்டு. திறந்த வெளியில் நின்று, மக்கள் கைவைத்துத் தள்ளுவதனாலும் ஏறி அமர்வதனாலுமே நிறைவுபெறுவது அது. அதனைப் பற்றியும், புத்தளக் கரையோரத்துக்கு அது பொருந்துமா என்பதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

அமெரிக்காவிலே, ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழக முற்றத்தில் 1968ஆம் ஆண்டு ஒரு பெரிய கனசதுரம் நிறுத்தப்பட்டது. அதனைச் செய்தவர் அதே பல்கலைக்கழகத்திற் பயின்ற ரோனி றோசந்தால் என்னும் சிற்பி. ஒவ்வொரு பக்கமும் 8 அடி, நிறை ஏறத்தாழ 2,400 இறாத்தல், உருக்கினாலானது, கருநிறம் பூசப்பட்டது. ஒரு மூலையை நிலத்தை நோக்கி ஊன்றி நிற்கும் இக்கனசதுரத்தின் பாரம் முழுவதையும் கீழேயுள்ள ஓர் அச்சுத் தாங்குகிறது. ஆதலால் ஒரு மாணவன் தனியே தோள்கொடுத்துத் தள்ளினாலும் அது மெல்லச் சுழலத் தொடங்கும். இத்துணைப் பெரிய பாரம் தன் கைக்கு இசைவதைக் கண்டு வியவாதார் இலர். அவ்வியப்பிலேதான் அச்சிற்பத்தின் பொருள் அடங்கியிருக்கிறது.

இதற்கு முந்திய ஆண்டிலே, 1967இல், இதனையொத்த மற்றொரு கனசதுரத்தை அவர் நியூ யோர்க் நகரில் நிறுவினார். சில காலத்துக்கென வைக்கப்பட்ட அது, அயலவர் விடுத்த வேண்டுகோளால் அங்கேயே நிலைத்துவிட்டது. பலர் கைபட்ட பொருள் தேய்வதும் இயல்பன்றோ? 2023இல் அதனைக் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் நிறுத்தினார்கள். தொடக்கூடிய சிற்பத்தை வேண்டுவோர் அதனைப் பேணும் கடமையையும் ஏற்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி நமக்கு அணித்தான ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வங்கத்திலே, இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதன வளவில் ராம்கிங்கர் பைஜ் என்னும் சிற்பி 1938இல் "சந்தால் குடும்பம்" என்ற சிற்பத்தை ஆக்கினார். மூட்டை முடிச்சுகளுடனும் குழந்தைகளுடனும் நாயுடனும் ஊர்பெயர்ந்து செல்லும் உழைப்பாளர் குடும்பம் அது. பளிங்கையோ வெண்கலத்தையோ அவர் நாடினாரல்லர். சீமெந்தையும் அந்த மண்ணின் செம்பூரான் சரளையையுமே கையாண்டார். உயர்ந்த மேடையும் அதற்கில்லை. வழிப்போக்கரோடு வழிப்போக்கராக அக்குடும்பம் நடப்பதுபோலத் தோன்றும். இது கைபட்டுச் சுழல்வதன்று. ஆயினும் காண்பவருக்கும் சிற்பத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இதுவும் நீக்கிவிட்டது. அந்த மண்ணிற் கிடைப்பதைக் கொண்டே அந்த மண்ணின் மக்களுக்கு ஒன்றை ஆக்கலாம் என்பது இதில் நாம் கற்கத்தக்க பாடம்.

நேயர்களே, பலர் கைசேர்ந்து ஒன்றை அசைப்பது நமக்குப் புதிதன்று. முன்னேஸ்வரத்துத் தேரின் மரச்சிற்பங்கள் உயிர்பெறுவது ஊரார் வடம்பிடிக்கும் அன்றுதானே! உடப்பிலே அம்பாப் பாடலின் தாளத்துக்குக் கரைவலையை இழுப்போரும், ஒருவர் பலம் ஊரின் பலமாகும் வித்தையை அறிந்தவர்களே. ஆகவே தள்ளினாற் சுழலும் சிற்பம் இக்கரையில் அந்நியப் பொருளாக நிற்கமாட்டாது.

ஆயினும், மிச்சிகனில் உள்ளதை அப்படியே கொண்டுவந்து கற்பிட்டியில் வைத்தல் தகாது. உப்பு விளையும் பூமி இது. இங்கே கடற்காற்றும் உப்பைச் சுமந்தே வருகிறது. காவலற்ற உருக்கு விரைவிலே துருவேறும். சீமெந்துக்கும் குறையுண்டு. உப்பு உள்ளே ஊறினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி சீமெந்தைப் பிளக்கும். ஆதலால் கலவை செறிவாகவும், கம்பியின்மேற் பூச்சுத் தடிப்பாகவும் இருத்தல் வேண்டும். சீமெந்துக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் அருவக்காட்டிலே இருக்கிறது; அதனைக் கையாளத் தெரிந்த தொழிலாளரும் இம்மாவட்டத்தில் இருக்கின்றனர். காற்றுக்கோ குறைவில்லை, மாம்புரியிற் சுழலும் காற்றாலைகளே அதற்குச் சான்று. குரோவேசிய நாட்டுச் சாடார் நகரில் 2005இல் அமைத்த கடற்படிக்கட்டின் கீழ் 35 குழாய்கள் உள்ளன. அலை புகும்போது அவை இசை எழுப்புகின்றன. அங்கே அலை செய்வதை இங்கே காற்றுச் செய்யலாகாதா?

இன்னுமொரு காரணம் உண்டு; அதுவே தலையாயது என்பேன். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் கரையோரம் இது. ஒருவருக்கு உவப்பான உருவம் மற்றொருவருக்கு உவப்பாகாதிருக்கலாம். ஒரு மொழியிற் பொறித்த கல் பிற மொழியாளரை வெளியே நிறுத்திவிடலாம். கனசதுரத்துக்கோ முகமில்லை, மொழியுமில்லை. அதனைச் சுழற்ற வேண்டுவது ஒரு தோள். அது யாருடைய தோள் என்று அது கேட்பதில்லை. ஒரு பக்கம் தள்ளும் பிள்ளை, மறுபக்கம் தள்ளும் பிள்ளையின் பெயரை அறியாமலே அதனோடு கூட்டாளியாகிவிடுகிறது.

வடமேல் மாகாணத்தின் வயம்ப பல்கலைக்கழகம் குருநாகல் மாவட்டத்திலே, குளியாப்பிட்டியிலும் மாகந்துரையிலும் அமைந்திருக்கிறது. புத்தளக் கரையின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுவதற்கு ஊரைவிட்டுச் செல்லவேண்டியிருக்கிறது. ஆனால் சிற்பம் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலை முற்றமும் கடனீரேரிக் கரையும் அதற்குப் போதும். ஆண்டுக்கொரு முறை அச்சுக்கு எண்ணெயிட்டு, வெடிப்புக்களைப் பூசுவதற்கு ஊரிலே நால்வர் பொறுப்பேற்பார்களாயின், மீதியைப் பிள்ளைகளின் கைகளே செய்துவிடும்.