கவிழ்ந்தாலும் நிமிரும் கலம்



சரக்கு அலுவலகத்தில் இரசீது எழுதும் எனக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் எண்ணக்கூடும். நம் காலனிப் பிள்ளை ஒருவன் பாய்ப்படகு ஓட்டப் பயில்கிறான். "அது கவிழ்ந்தால் என்ன செய்வது?" என்று அவன் அன்னையார் என் இல்லத்திற்கு வந்து கேட்டார். அவ்வினாவே என்னைப் படிக்கத் தூண்டிற்று.

நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, 2018 ஆம் ஆண்டு 'கோல்டன் குளோப்' என்னும் உலகம் சுற்றும் தனியோட்டப் போட்டியில் 'துரியா' என்ற கலத்தில் சென்றார். தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் கலம் உருண்டது. உருண்ட கலம் மீண்டும் நிமிர்ந்தது. ஆனால் பாய்மரங்கள் முறிந்தன. அவர் முதுகில் பலத்த அடி. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. 2022 இல் அதே போட்டிக்கு அவர் மறுபடியும் புறப்பட்டார். அப்போது தேர்ந்தது 'ரஸ்லர் 36' என்னும் ஆங்கிலக் கலம். 236 நாட்களில் உலகைச் சுற்றி இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

அக்கலத்தைப் பற்றியே பேச விழைகிறேன். நீளம் 35 அடிக்குச் சற்று மேல்; எடை ஏறத்தாழ ஏழரை டன். இவ்வெடையில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு அடியில் வைத்த ஈயமாகும்! தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நம் வீட்டுக் குழந்தைகள் எத்தனை முறை தள்ளினாலும் அது எழுவது எதனால்? அடியில் பாரம் இருப்பதனால். இங்கும் அதே உபாயந்தான். அலை கலத்தைச் சாய்க்கும். ஈயம் அதனை இழுத்து நிமிர்த்தும்.

அந்த அடிப்பாகத்தை மரக்கலத்தார் ஏரா என்பர். புதுக்கலங்களில் அது மீனின் துடுப்பைப் போல் குறுகியிருக்கும். இதிலோ கலத்தின் அடியில் நீண்டு ஓடும். சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே பொருந்தியிருப்பதால், மிதக்கும் கயிறோ கட்டையோ எளிதில் சிக்காது. நீண்ட ஏரா உள்ள கலம் நேர்வழி விட்டு விலகத் தயங்கும். ஆகவே காற்றினால் இயங்கும் சுக்கான் கருவியிடம் அதனை ஒப்படைத்துவிட்டுத் தனி மனிதர் உறங்கலாம். குறையும் உண்டு. துறைமுகத்தில் எஞ்சின் கொண்டு பின்னோக்கிச் செலுத்தினால் சொன்னபடி கேளாது. எங்கள் ஷண்டிங் ஆட்கள் இதற்கு வேறு பெயர் சூட்டுவர். அதனை அவையில் கூறலாகாது.

உடலோ கண்ணாடி நாராலும் பிசினாலும் ஆனது. வார்ப்பின் உட்புறம் நார்விரிப்பை இட்டுப் பிசின் பூசி, அடுக்கின்மேல் அடுக்காக இறுக விடுவர். பலகைக்குப் பலகை மூட்டுவாய் இல்லை, ஆதலின் பஞ்சு அடைத்துக் கீல் பூசும் வேலையுமில்லை, கப்பற்புழு அரிப்பதுமில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நீரிலேயே கிடந்தால் நீர் ஊடுருவி, மேற்றோலில் கொப்புளம் எழும் நோய் உண்டு.

வேகம்? மணிக்கு ஏழு கடல்மைல் அளவில் அதன் எல்லை முடிகிறது. சைக்கிள்காரர் முந்திவிடுவார். நீர்மட்ட நீளம் 27 அடிதான். அதற்குமேல் கலம் தானே எழுப்பும் அலையில் தானே அகப்பட்டுக்கொள்ளும். இவ்வாறு மெல்லச் செல்லும் பழைய அமைப்புக் கலங்களையே அப்போட்டி விதிகள் ஏற்றன. 1988 க்கு முன் வரையப்பட்ட, நீண்ட ஏரா உடைய கலமாக இருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அவ்வம்மையாரிடம் விளக்கினேன். பயிற்சிக்குரிய சிறு படகுகளில் ஈயப் பாரம் இராது, அவை கவிழத்தான் செய்யும், கவிழ்ந்ததை நிமிர்த்துவதே முதற்பாடங்களுள் ஒன்று என்பதையும் மறைக்கவில்லை. அலமாரியிலிருந்த தலையாட்டிப் பொம்மையை எடுத்துத் தள்ளியும் காட்டினேன்.

"பொம்மை எழுந்துவிடும், ஐயா. என் மகனுக்கு அடியில் ஈயம் இல்லையே" என்றார்.

எனக்கு விடை தோன்றவில்லை. மிதவைச் சட்டை அணிந்துதான் செல்கிறானா என்று மட்டும் கேட்டேன். அணிகிறானாம்.