கஞ்சாவை விட்ட முதல் வாரம்



கஞ்சாவை விட்ட பிள்ளை முன்னிலும் மோசமாகிவிட்டான் எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் முறையிடுகின்றனர். எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, வியர்வை, மிரட்டும் கனவுகள் ஆகிய இவை திமிரல்ல. நீண்டநாள் பழக்கத்தை உடல் கைவிடும்போது தோன்றும் துன்பங்களே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதனைத் தனது நோய்ப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணியும். உறக்கம் மட்டும் சீராகச் சற்றுத் தாமதமாகலாம். அந்த முதல் வாரத்தில்தான் நாம் அவனை ஏசி விரட்டுகிறோம்; அவனும் பழைய கூட்டாளிகளிடமே போய்ச் சேருகிறான். பொறுத்துக்கொண்டால் இருமலும் சளியும் குறையும். நினைவாற்றல் மெல்லத் திரும்பும். சம்பளக் காசும் வீடு வந்து சேரும். காதில் குரல் கேட்பதாகவோ சாக வேண்டுமென்றோ சொன்னால், அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வோம். பெண் கொடுக்கமாட்டார்களே என்னும் கவலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.