வீட்டு வளவும் கிணற்று நீரும்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



வீட்டுத் தோட்டத்தைப்பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். கற்பிட்டியிலிருந்து உடப்பு, முன்னேஸ்வரம்வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில் வாழும் நமக்கு மீனுக்குப் பஞ்சமில்லை, மரக்கறிதான் அருமை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கத்தரிக்காயும் வாழைக்காயும் தேடிச் சந்தைக்கு ஓடுகின்றோம். அம்மனுக்குத் தீமிதிப்பு நடைபெறும் ஆடி மாதத்திலோ, விரதகாரர் பெருக, மழை அற்றுப்போய் வளவெல்லாம் காய்ந்து கிடக்கும்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறி நின்றது. அதற்கு முன்னரே, யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் தத்தம் வளவுகளிலே பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. நல்ல எண்ணந்தான். ஆயினும் யூன் மாதம் நம் பகுதியில் கோடை தொடங்கும் காலம். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையிலேதான். ஆகையால் புரட்டாதியிலே குழி வெட்டிக் குப்பை நிரப்பி வைத்தவனே மழையின் பயனைப் பெறுவான்.

இனி நம் மண்ணைப் பார்ப்போம். கற்பிட்டிப் பக்கத்து மணல் நீரையும் தாங்காது, உரத்தையும் தாங்காது. ஊற்றியதெல்லாம் கீழே இறங்கிவிடும். இதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது: பொச்சுமட்டை. தென்னைக்கு அருகே மட்டைகளைப் புதைத்து ஈரத்தைக் காக்கும் முறையை நம் மாவட்டத்து லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையமும் எடுத்துச் சொல்லி வருகின்றது. வாழைக்கும் மாதுளைக்கும் அவ்வாறே செய்யலாம். குழியின் அடியில் மட்டைகளை உட்புறம் மேலே பார்க்க அடுக்கி, மண் தூவி, மேலும் ஓர் அடுக்கு வைத்து, மேலே எருவும் சருகும் கலந்த மண்ணை இடுக. மட்டை மழை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கொடுக்கும். அதிலுள்ள பொட்டாசியமும் பயிருக்குக் கிடைக்கும். இத்தனை பயனுள்ள மட்டையை வேலியோரத்திலே போட்டு எரிப்போரைக் காணும்போது நமக்குக் கோபமே வருகின்றது.

இங்கே முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கிணற்றில் உள்ளது என்ன நீர்? மழையால் மண்ணுள் இறங்கிய நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய கனத்த உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை அது இருக்கும் என்று ஒல்லாந்தரான கைபனும் செர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் கணக்கிட்டனர். மேலே ஓரடி வற்றினால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பம்பியைப் போட்டு மணிக்கணக்காக இறைப்பவர் தம் கிணற்றை மட்டுமா கெடுக்கிறார்?

உப்பு நாக்குக்குத் தெரியும். தெரியாத கேடு ஒன்றும் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றை இடைவிடாது பயிரிட்டு, அளவுக்கு மீறி உரமிட்ட இடங்களிலே, கிணற்று நீரில் நைத்திரேற்று என்னும் பொருள் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அவ்வெல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரிலே மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். காய்ச்சினாலும் அது போகாது; நீர் ஆவியாக ஆவியாக மேலும் செறிவாகும். தாய்மார் இதனை நன்கு கவனிக்க வேண்டும்.

“அப்படியானால் யூரியாவை விட்டுச் சாணம் போடுகிறோம்” என்பீர்கள். நல்லதே. ஆனால் சாணமும் மக்கி நைத்திரேற்றாகவே மாறும். குப்பைக் கிடங்கும் மாட்டுத் தொழுவமும் மலகூடக் குழியும் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவுக்கு நல்லது. உரத்தைச் சிறிது சிறிதாக, பயிர் வளரும் நாளிலே இடுவதே முறை. பெருமழைக்கு முன் அள்ளிக் கொட்டுவது கிணற்றுக்கு உரமிடுவதாகும். மீன் கழிவைத் தென்னையடியில் ஆழப் புதைக்கலாம். கருவாட்டு உப்பு நீரை மட்டும் எந்த மரத்தடியிலும் ஊற்றற்க.

எதை நடுவது? உப்புக் கலந்த கிணறு உள்ளவர்கள் தேசி, தோடைகளில் ஆசை வைக்க வேண்டாம். அவை உப்புக்கு மிக அஞ்சுவன. போஞ்சியும் அப்படியே. மாதுளையும் கொய்யாவும் ஓரளவு தாங்கும். நல்ல நீருள்ளோர் பப்பாசி நடலாம். அடியிலே நீர் தேங்க மட்டும் விடலாகாது. குளித்த நீர் ஓடும் வாய்க்காலில் இரண்டு வாழை; சவர்க்கார நீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். வேலிக்கு அகத்தி, முருங்கை. கிடுகு வேலியை ஆண்டுதோறும் மாற்றும் செலவும் குறையும். கத்தரி, வெண்டி, பயிற்றைக்குப் பகல் வெயிலில் அன்றி, காலையிலும் மாலையிலும் வாளியால் ஊற்றினாலே போதும்.

முருங்கையில் மயிர்க்கொட்டி வருமே என்று அம்மாமார் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. வரும். அடிமரத்திலே கூட்டமாக அடைந்து கிடக்கும்போது பந்தம் பிடித்து அழித்துவிடலாம். அதற்காக மரத்தையே தறிக்க வேண்டியதில்லை.

மண்டபத்தின் பின்புறத்தில் முருங்கைக் கொம்புகள் வெட்டி வைக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கு இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். நடுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் நிழலிலே கிடக்கட்டும். தடித்த முனையைக் கீழே வைத்து நடுங்கள்.