நாற்பத்தைந்து நாள்

(அல் குசைஸ் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் இருந்து ஏ.எல். எழுதினேன், அதோடு படிப்பு சரி. இப்போது ஒரு தைப்புத் தொழிற்சாலையில் மெஷினில் இருக்கிறேன். தங்குமிடத்தை இங்கேயும் 'காம்ப்' என்றுதான் சொல்லுகினம். முகாம் என்னை விட்டபாடில்லை!

வேலைக்குப் போகும் பெண்களும் குடும்பமும் என்று தலைப்புத் தந்தார்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

2019இல் மூத்தவன் பிறந்தான். அப்போதிருந்த 1980ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, ஒரு வருடம் வேலை செய்தவளுக்கு 45 நாள் முழுச் சம்பள லீவு. ஏழாம் மாதமே சம்பளமில்லாமல் ஊருக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். அடுத்த கிழமை பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு பிளேன் ஏறினேன்.

அதே சட்டம் பால் கொடுக்கவென்று நாளுக்கு இரண்டு தடவை அரை மணித்தியாலம் தந்தது, பதினெட்டு மாதம் வரை. சூப்பர்வைசர் நல்ல மனிசன், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை கிளிநொச்சியில்! அந்த நேரத்தில் கழுவறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு, திரும்ப வந்து கொலர் தைத்தேன்.

கூட்டிவந்திருக்கலாமே என்பீர்கள். குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000மும் இருக்க வீடும் வேணும். என் சம்பளமும் எட்டாது, சார்ஜாவில் உள்ள அவருடையதும் எட்டாது.

2022 பெப்ரவரியில் புதுச் சட்டம் வந்தது. 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் அரைச் சம்பளம். தகப்பனுக்கும் 5 நாள் உண்டு. கர்ப்பம் என்று வேலையால் நிறுத்த ஏலாது. ஆனால் பால் நேரம் ஆறு மாதமாகக் குறைந்தது. சர்வதேசத் தொழில் அமைப்பு 2000இலேயே 14 கிழமை என்று சொல்லிவிட்டது. வீட்டு வேலை செய்யும் அக்காமாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு வேறு சட்டம்.

எங்கட நாடு என்ன செய்தது? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகேலாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. 2022இல் டொலர் முட்டு வந்ததும் அந்த வயது இரண்டாயிற்று! தகப்பன்மாரிடம் ஒரு அறிக்கையும் கேட்கவில்லை.

மகன் போனில் என்னை 'துபாய் அம்மா' என்கிறான். அவனுக்கு அம்மா என்றால் அம்மம்மாதான்.

இரண்டாவது இப்போது வயிற்றில், ஐந்து மாதம். 60 நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் மூன்று மாதம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இப்படிக் கடிதம் எழுத வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் என் அறைக்கு வாங்கோ, எழுதித் தருகிறேன்.