அழகான மரம், தப்பான மரம்

போன வாரம் ஸ்டோரில ஒரு போட்டோ போட்டிருந்தேன். பனி கிடக்கிற ஒரு முற்றம், வரிசையா மரத்தடிகள், நடுவுல நான் முட்டி போட்டு ஒரு தடி மேல கையை வெச்சிருப்பேன். "என்ன, மரத்துக்கு நாடி பிடிச்சுப் பாக்குறீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கிட்டத்தட்ட அதேதான். இன்னைக்கு அந்தக் கதை.

கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்க ரெண்டு வாரம், லாக் கேபின் கட்டுற பயிற்சிக்குப் போயிருந்தேன். லாக் கேபின்னா பலகை அடிச்ச வீடு இல்ல. பட்டை உரிச்ச முழு மரத்தடிகளைப் படுக்க வெச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மூலையில ஒண்ணோட ஒண்ணு பொருந்தி உட்கார்ற மாதிரி செதுக்கிக் கட்டுறது. சுவரும் அந்தத் தடிதான், கூரையைத் தாங்குறதும் அந்தத் தடிதான்.

முதல் நாளே கையில செயின்சா குடுப்பாங்கன்னு நினைச்சுட்டுப் போனேன். எங்க வாத்தியாருக்கு எழுபது வயசு இருக்கும். அவர் சொன்னது ஒரே வரி: "ஆளுக்கு ஒரு தடி தேர்ந்தெடுங்க. சுவரோட மேல் பாதியில போகப்போற தடி. ஏன் அதை எடுத்தீங்கன்னு சாயங்காலம் சொல்லணும்."

நான் நிறைய படிச்சுட்டுத்தான் போயிருந்தேன். அதனால தைரியமா ஆரம்பிச்சேன்.

முதல்ல, என்ன மரம்? அந்தப் பக்கம் நாலு ஜாதி அதிகமா கிடைக்கும். வெஸ்டர்ன் ரெட் சீடர்: எடை கம்மி, அதோட வைரம் சீக்கிரம் மக்காது. ஆனா விலை அதிகம். டக்ளஸ் ஃபர்: நல்ல கனம், நல்ல பலம், முகட்டு விட்டத்துக்கு ஏத்தது. ஸ்ப்ரூஸ்: வெளிர் நிறம், எடை கம்மி, ஆனா மழைத்தண்ணி படுற இடத்துல வெச்சா மக்கிடும். லாட்ஜ்போல் பைன்: ஒல்லியா, நேரா வளரும்.

இந்த லாட்ஜ்போல் பைனுக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1990-களின் கடைசியில தொடங்கி, மவுன்டன் பைன் பீட்டில்னு ஒரு சின்ன வண்டு அந்த மாகாணத்துப் பைன் காடுகளைப் பெரிய அளவில் அழிச்சது. குளிர் போதுமான அளவுக்கு விழாததால வண்டுப் புழுக்கள் சாகல. செத்த மரங்கள் நின்னபடியே காஞ்சு போச்சு. வண்டு கொண்டுவர்ற பூஞ்சணத்தால மரத்துக்குள்ள நீலக் கறை படியும். பார்க்க நோய் மாதிரி இருக்கும், ஆனா அந்தக் கறையால பலம் பெருசா குறையாது. ஏற்கெனவே காஞ்ச மரம்ங்கிறதால கட்டின பிறகு சுருங்குறதும் கம்மி. அசிங்கமா இருக்குன்னு ஒதுக்குற மரம் நல்ல சுவராகும்.

அடுத்தது, எப்போ வெட்டின மரம்? பனிக்காலத்துல வெட்டுறதுதான் வழக்கம். அப்போ மரத்துல ஈரமே இருக்காதுன்னு நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்ல. ஈரத்துல பெரிய வித்தியாசம் கிடையாது. குளிர்ல பூச்சியும் பூஞ்சணமும் அடங்கி இருக்கும், மரம் மெதுவா காயும், பனி மேல இழுத்தா தடியில மண்ணும் கல்லும் ஏறாது. இதெல்லாம்தான் காரணம். அதுக்குக் குடுக்கிற விலை, பட்டை லேசுல வராது. வசந்த காலத்துல வாழைப்பழத் தோல் மாதிரி உரியிற பட்டையை, பனிக்காலத்துல ரெண்டு கைப்பிடி வெச்ச கத்தியால சீவிச் சீவி எடுக்கணும்.

அப்புறம் உருவம். அடி பெருத்து நுனி ரொம்ப சிறுத்த தடி வேண்டாம். நுனியிலயும் குறைஞ்சது 20 சென்டிமீட்டர் விட்டம் வேணும். பெரிய கணுக்கள் கூட்டமா இருந்தா வேண்டாம். வில் மாதிரி ஒரே பக்கம் வளைஞ்சிருந்தா சமாளிக்கலாம், ரெண்டு பக்கமும் நெளிஞ்சிருந்தா கஷ்டம்.

இது எல்லாத்தையும் பார்த்து ஒரு ஸ்ப்ரூஸ் தடியை எடுத்தேன். தூண் மாதிரி நேரா, கணு இல்லாம, வழுவழுன்னு. அந்த முற்றத்துலயே அழகான தடி அதுதான்.

சாயங்காலம் வாத்தியார் வந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். தலையாட்டினார். அப்புறம், "வலது கையைத் தடி மேல வை. விரல்கள் தடியோட நீளத்துக்கு நேரா இருக்கட்டும்"னார். வெச்சேன். "இப்போ அந்த மெல்லிய வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்."

அப்போதான் கவனிச்சேன். காயும்போது வர்ற வெடிப்பு, மரத்தோட நார் போற திசையிலதான் போகும். என் தடியில அது நேரா போகல. கயிறு முறுக்கின மாதிரி, கட்டை விரல் பக்கமா சுத்திட்டுப் போகுது.

"கட்டை விரல் பக்கம் போனா இடது முறுக்கு. சுண்டு விரல் பக்கம் போனா வலது முறுக்கு. உன்னோடது நல்ல இடது முறுக்கு. இதை மேல வைக்கக் கூடாது."

எனக்கு விளங்கல. முறுக்குன்னா முறுக்குதானே, இடதென்ன வலதென்ன?

அவர் விளக்கினார். இந்த ஊசியிலை மரங்கள் பலதும் சின்ன வயசுல இடது பக்கம் முறுக்கி வளரும். வயசாக ஆக, வெளியில சேர்ற மரம் மெல்ல வலது பக்கம் திரும்பும். அப்படித் திரும்பின தடியில உள்ள ஒரு முறுக்கு, வெளியே எதிர் முறுக்கு. காயும்போது ஒண்ணை ஒண்ணு பிடிச்சு வெச்சுக்கும். கடைசி வரைக்கும் இடது முறுக்காவே இருந்த தடியில, உள்ளயும் வெளியேயும் ஒரே திசை. காயக் காயத் தடியே திருகிக்கும். சர்வதேச லாக் பில்டர்ஸ் அசோசியேஷனோட கட்டுமான விதிகள்லயே இது இருக்கு: மிதமான இடது முறுக்கு இருந்தா சுவரோட கீழ்க் கால் பாகத்துல மட்டும், கடுமையா இருந்தா, ரெண்டாப் பிளந்து அடித்தடியா மட்டும்.

எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல. முகத்துலயே தெரிஞ்சிருக்கும். "வா"ன்னு அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். இளவயசுல அவரே கட்டின கேபின். சமையலறைச் சுவர்ல, கீழ இருந்து ஆறாவது தடி. மூலையில ஒரு விரல் நுழையிற அளவுக்கு இடைவெளி. வருஷா வருஷம் குளிர் வர்றதுக்கு முன்னாடி அதுல கம்பளி நார் திணிச்சு அடைக்கிறாராம்.

"அன்னைக்கு இந்தத் தடிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. என் மனைவி வேண்டாம்னா. நான்தான் கேக்கல."

மாத்த முடியாதான்னு கேட்டேன். "மேல இருக்கிற மூணு தடியையும் கூரையையும் தூக்கணும். யார் தூக்குறது?"ன்னு சிரிச்சார். நான் சிரிக்கல. ஒரு மத்தியானத்துல எடுத்த முடிவு, இத்தனை வருஷமா அவரோட சமையலறைக்குள்ள குளிரை விட்டுட்டு இருக்கு.

அடுத்த நாள்ல இருந்து தடியைப் பார்க்கிற விதமே மாறிப்போச்சு. இன்னைக்கு எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்தா போதாது, காஞ்ச பிறகு என்ன செய்யும்னு பார்க்கணும். பச்சைத் தடி நீளத்துல சுருங்குறது கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லலாம், குறுக்கேதான் சுருங்கும். அதனால பச்சை மரத்துல கட்டின சுவர், 1 அடிக்கு முக்கால் இன்ச் வரைக்கும் கீழ இறங்கும்னு கணக்கு வைக்கணும். 8 அடிச் சுவர்னா 6 இன்ச்! ஜன்னல், கதவுக்கு மேல அந்த இடத்தை விட்டு, பலகையால மறைச்சு வைப்பாங்க. விடலைன்னா, மொத்தச் சுவரும் கதவு நிலை மேல வந்து உட்கார்ந்துடும். நட்டு வெச்ச தூண் சுருங்காதே, அப்போ? தூணுக்குக் கீழ ஒரு ஸ்க்ரூ ஜாக் வெச்சு, சுவர் இறங்க இறங்க அதையும் திருகி இறக்குவாங்க. வெடிப்பைக் கூடத் தடுக்க மாட்டாங்க. தடியோட மேல் பக்கத்துல ரம்பத்தால நீளமா ஒரு கோடு கீறி விடுவாங்க. வெடிக்கணும்னா அங்க வெடி. அடுத்த தடி வந்து அதை மறைச்சிடும்.

என் ஸ்ப்ரூஸ் தடியை வீசிடலை. அதை நெடுக ரெண்டாப் பிளந்து, எதிரெதிர்ச் சுவர்களுக்கு அடித்தடியா வெச்சாங்க. லாக் சுவர்ல ரெண்டு பக்கம் அரைத்தடியிலதான் தொடங்கும், அப்போதான் மூலையில மாத்தி மாத்திப் பின்ன முடியும். மொத்தச் சுவரும் மேல அழுத்தி உட்காரும். திருக நினைச்சாலும் இடமில்ல. ஸ்ப்ரூஸ் ஈரத்துல மக்கும்னு முதல்ல சொன்னேனே, அதுக்காக அஸ்திவாரத்தை நல்லா உயர்த்தி, கூரையையும் வெளியே நீட்டி விட்டிருந்தாங்க.

அந்த வீட்டுக்கு வர்ற யாரும் அதைக் கவனிக்க மாட்டாங்க. பட்டையைச் சீவினது நான்தான். முழுசா ரெண்டு நாள் ஆச்சு.

உங்க வீட்டுலயோ தாத்தா வீட்டுலயோ மர வேலை நடந்தப்போ, ஆசாரி எப்படி மரம் பார்த்து எடுத்தார்னு ஞாபகம் இருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா இருக்கிறதை அடுத்த எபிசோட்ல போடுறேன். அதுவரைக்கும், டாட்டா.